பூட்டுக்குப் பதில் சாட்சி

இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய். கருங்கல் ஊரில் வாடகைப் பந்தல் கடை வைத்திருக்கும் மரியஜான் முதலாளி எனக்குத் தரவேண்டிய சுமைக்கூலி. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள்தான் இருந்தது. எப்போது கேட்டாலும், "நாளைக்கு தாறேன் சிலுவை."

கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள் ஷிபா. இந்த வருட ஏப்ரலில் முதலாளி சொல்லித்தான் அதற்கு ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புப் பூட்டு போட்டாள். ஒருதடவை வந்தவரின் பிரவுசர் இனி ஒரு வருடம் பூட்டு வழியாக மட்டுமே வரவேண்டும் என்று சர்வரில் கட்டளை. நாற்பது வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். திரையில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக மெதுவாக வாசித்தேன்: 31536000.

"ஏ பிள்ளே, மூணு கோடியா? முதலாளி ஒனக்கும் கடனா?"

"அது ஒரு வருசத்துக்க செக்கண்டு அண்ணா."

இந்த டிசம்பரில் பூட்டின் சான்றிதழ் காலாவதியாக இருந்தது. புதுப்பிக்கப் பணம் கேட்டாள். அவளுக்கும் "நாளைக்கு"தான். மறுநாள் வெப்சைட் திறக்கவில்லை, எச்சரிக்கைதான் வந்தது.

"ஏட்டி, பூட்டே வேண்டாம். கழத்திப் போடு."

"கழத்தியாச்சுன்னு பிரவுசருக்குச் சொல்லணும்னாலும் நல்ல பூட்டு வழியாத்தான் சொல்லணும் முதலாளி. புதுசு வாங்காம நடக்காது."

"ஒரு வருசம்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுட்டி!"

"அதுக்கு உங்க பேச்சு தெரியாதே."

அப்போது துபாயிலிருந்து நம்ம ஊர்க்காரர் இஸ்ரவேல் போன். ஜனவரியில் அவர் மகள் கல்யாணம், பந்தல் முழுக்க நம்முடையது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"வோய், உம்ம சைட்டு பாதுகாப்பில்லேன்னு காட்டுது. அட்வான்ஸ் போட்டா கள்ளன் கைக்குப் போவுமா? உம்மள நம்பலாமா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நம்ம சிலுவைகிட்டயே கேளும் வோய். பன்னிரண்டு வருசமா கூட நிக்கான்."

"சிலுவையா? அவன் பொய் பறையமாட்டான். குடும்."

போனை வாங்கினேன். மற்ற கையை முதலாளிக்கு நேராக நீட்டினேன்.

"சிலுவை, மரியஜான் சொன்ன வாக்குக்கு நிப்பானா?"

"ஒரு நிமிசம் அண்ணே. யோசிச்சுப் பறையுதேன்."

முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்தார். என்னைப் பார்த்து ஷிபாவும் கையை நீட்டிவிட்டாள். முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு. எச்சில் தொட்டு எண்ணினேன். இரண்டாயிரத்து முந்நூற்று எழுபது.

"அஞ்சு ரூவா சில்லறை இல்லடே," என்று காதில் முனகினார்.

"சொன்னா சொன்னதுதான் அண்ணே, நம்ம முதலாளி," என்றேன் போனில். "சாயங்காலம் பூட்டு வந்துரும். அதுக்கப்புறம் அட்வான்ஸ் போடும்."

மீதி ஐந்து ரூபாயைக் கேட்காமல் விட்டுவிட்டேன். நான் சொன்ன சாட்சியில் அந்த ஐந்து ரூபாய் அளவுக்குப் பொய் இருந்தது.