மற்ற காது

மடியில் உட்கார்ந்திருந்த வடிவின் தலையைத் தாணுலிங்கம் மார்போடு சேர்த்துப் பிடித்தான். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தந்தி அவன் நெஞ்சில் உரசியது.

"இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்கோ. அசைஞ்சா துளை கோணிப் போகும்" என்றார் பகவதியப்பன் ஆசாரி.

"வலிக்குமா மாமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் மக்கா."

"நான் அழமாட்டேன். அழல்லன்னா தொப்பி தாரேன்னு அப்பா எழுதியிருக்காரு."

வடிவின் அப்பா குலசேகரன் காஷ்மீர்ச் சண்டையில் இருந்தான். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், ஐந்து வயதிலேயே மகளுக்குக் காது குத்திவிடுங்கள் என்று போன மாதம் மனைவி கோமளவல்லிக்கு எழுதியிருந்தான். அவள் தாணுலிங்கத்தின் ஒரே தங்கை. தாய்மாமன் மடி என்பதால் அவன் தந்தி ஆபீசில் அரைநாள் லீவு கேட்டிருந்தான்.

காலை எட்டு மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்கப் போனபோதுதான் கருவி தட்டத் தொடங்கியது. தந்தி ஒரேயடியாக வருவதில்லை. எந்த ஊரிலிருந்து, எத்தனை சொல், யாருக்கு என்பதெல்லாம் முதலில் வரும், செய்தி கடைசியில்தான். அனுப்பிய இடம் பட்டாளத்து ஆபீஸ். இருபத்தொரு சொல். நலம் என்று சொல்ல இருபத்தொரு சொல் வேண்டாம். அதன்பின் தங்கையின் பெயர் எழுத்தெழுத்தாக வந்தது. கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனது.

"எங்க வீட்டுத் தந்தி, நானே குடுத்துக்கிடுதேன்" என்று, தங்கை கையெழுத்திட வேண்டிய ஒப்புச் சீட்டோடு வாங்கி வந்துவிட்டான்.

கேள்விப்பட்ட நொடியில்தான் வீட்டுக்குத் தீட்டு. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல காரியமும் கிடையாது. இரண்டு காதும் குத்தி முடியட்டும். அதுவரை போதும்.

ஆசாரி காது மடலில் சாந்தால் புள்ளி வைத்தார். தனியாக ஊசி கிடையாது. தங்க வளையத்தின் ஒரு முனையையே கூராக அராவியிருந்தார். துளைப்பதும் அதுதான், காதில் நிற்பதும் அதுதான்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, மாமனுக்குல்லா வேர்க்குது!" என்றாள் பக்கத்து வீட்டு நேசம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வளையம் உள்ளே போனது. வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை.

"பட்டாளத்தான் மவளாக்கும்!" என்றார் ஆசாரி.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. காக்கிச் சட்டையும் தோல்பையுமாக மரியான் நின்றான். தந்திச் சேவகன்.

"சாரே, ஒப்புச் சீட்டு இன்னும் வரல்லன்னு ஆபீசில பெரியவரு சத்தம் போடுதாரு. கையெழுத்தும் நேரமும்..."

தாணுலிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்த கோமளவல்லி நிமிர்ந்தாள். மரியானின் பையைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவன் பிள்ளையின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோருடைய சிரிப்பும் ஒவ்வொன்றாக அடங்கியது. ஆசாரி இரண்டாவது வளையத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"அண்ணே" என்றாள்.

அவன் வாய் திறந்தான்.

"இப்பம் ஒண்ணும் சொல்லாத." அவள் எழுந்து வந்தாள். "மரியான், செத்த நில்லும். பிள்ளைக்கு ஒரு காது பாக்கி இருக்கு."

மகளின் தலையை அவளே இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பயமில்லம்மா. நீ ஏன் நடுங்குதே?"

"நேரே பாரு மக்கா. ஆசாரி, குத்தும்."

அவர் குத்தினார். முனையை வளைத்துக் கொக்கியில் மாட்டினார்.

"நான் அழல்ல, பாத்தியாம்மா?"

"பாத்தேன்." காது மடல்களில் மஞ்சளைத் தொட்டு வைத்தாள். "நேசக்கா, இவள உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணாடியில பாக்கட்டும்."

நேசம்மாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

கோமளவல்லி விரல்களைச் சேலைத் தலைப்பில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மஞ்சள் முழுவதும் போகவில்லை. அண்ணனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

பக்கத்து வீட்டிலிருந்து வடிவின் குரல் கேட்டது: "ரெண்டு காதும்!"