மொட்டைமாடியில் லெவானின் அம்மா

ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்து கணபதி என்ற ஊரில் பட்டறை போட்ட லெவானிடம், வீடு கட்டித் தரச் சொல்லி வந்தவர்கள் ஏராளம். சிலை செய்யச் சொல்லி வந்தவர் ஒருவரும் இல்லை. மனிதர் படித்ததென்னவோ இரண்டும்தான். ஊராருக்கு அவர் வெள்ளைக்கார இன்ஜினியர். கல் செதுக்குவது ஏதோ பொழுதுபோகாத கிறுக்கு.

அதைவிடக் கொடுமை, ஜார்ஜியாவிலேயே இருக்கும் அவருடைய அம்மா. எண்பத்தொரு வயது. வாராவாரம் வீடியோ காலில் ஒரே கேள்விதான்: "உன் பொம்மைகளால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?"

கிணத்துக்கடவில் மில் முதலாளி ரங்கம்மாளுக்கு வீடு கட்டி முடித்ததும், லெவான் தன் அம்மாவின் முகத்தையே கருங்கல்லில் வடித்து அன்பளிப்பாகக் கொடுத்தார். நவீன பாணி. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வாய் மட்டும் உள்ளது உள்ளபடி.

"வாசல்ல வெச்சுக்கோங்க, ஏதோ என்னால முடிஞ்சதுங்க."

"வெச்சுருவோமுங்க" என்றார் ரங்கம்மாள்.

கிரகப்பிரவேசத்தன்று போனில் காட்டுகிறேன் என்று அம்மாவிடமும் சொல்லியாயிற்று. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும். அந்த மனிதரின் ஆசை அவ்வளவுதான்.

அன்று போய்ப் பார்த்தால் வாசலில் சிலை இல்லை. அண்ணாந்தார். மொட்டைமாடிச் சுவரில், கழுத்தில் எலுமிச்சை மிளகாய் மாலையும் முகமெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளியுமாக, அம்மா ரோட்டை முறைத்துக்கொண்டிருந்தாள். லெவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்கம்மா, என்னங்க இது?"

"திருஷ்டிக்குத்தானுங்க! கடையில விக்கிற பொம்மையெல்லாம் இதுகிட்ட நிக்குமுங்களா? காலைல ஒருத்தன் பாத்துப்போட்டு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டானுங்க!"

"அது எங்கம்மாங்க!"

ரங்கம்மாளின் முகம் செத்துவிட்டது. "அய்யோ சாமி! தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க. இப்பவே எறக்கச் சொல்றனுங்க."

அதற்குள் போன் அடித்தது. அம்மாதான்.

"எங்கே வைத்திருக்கிறார்கள் என்னை?"

அம்மாவிடம் அவர் சொன்ன பொய் ஒன்றுகூட அரை நிமிஷம் தாங்கியதில்லை. போனை மேலே திருப்பிக் காட்டினார். பொறாமைக்காரர்களின் கண் படாமலிருக்க இங்கே வீட்டு உச்சியில் ஒரு கோர முகம் வைப்பார்கள், அந்த வேலைக்கு உன்னை வைத்துவிட்டார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பயப்படுகிறார்களா?"

"வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்களாம்."

"அப்படியா!" அம்மாவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "ஒருவழியாக உருப்படியாக ஒன்று செய்திருக்கிறாய்."

ஐம்பத்தெட்டு வயது மனிதர், பந்திக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை சனத்துக்கும் நடுவே நின்று விசும்பினார். சந்தோஷம்தான். ரங்கம்மாளுக்கு அது தெரியவேண்டுமே!

"அம்மா திட்டுறாங்களா? எறக்கிப்போடட்டுங்களா?"

"வேண்டாமுங்க, தொடாதீங்க" என்றார் லெவான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அம்மா இன்னும் போனை வைக்கவில்லை.

"எனக்கும் ஒன்று செய்து அனுப்பு. பக்கத்து வீட்டுக்காரியின் ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டும். வாய் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்."