வாய் நிறையத் தண்ணீர்

நான்கு வயதாகியும் தன்ஷிகா ஒற்றைச் சொல்லைத் தாண்டவில்லை. குழந்தைகளின் பேச்சை ஆராயும் ரோகிணி, மாமல்லபுரத்திலிருந்த அவர்கள் வீட்டுக்கே வந்து படம் காட்டினாள்.

"நாய் என்ன பண்ணுது?"

"தூங்கிகினு கீது மேடம்!" என்றான் அப்பா துரை. ஒவ்வொரு படத்துக்கும் அவனே முந்திக்கொண்டான். கேப் ஓட்டுகிறவன், வாய் சும்மா இருந்தால்தானே!

ரோகிணி கோபப்படவில்லை. டம்ளரை நீட்டினாள். "வாய் நிறையத் தண்ணி வச்சுக்குங்கண்ணா. நான் சொல்றவரைக்கும் முழுங்காதீங்க."

அடுத்த படத்தைக் காட்டிவிட்டுக் காத்திருந்தாள், காத்திருந்தாள். இந்த மேடத்துக்கு எங்கிருந்து இத்தனை பொறுமை! துரைக்குக் கன்னம் வெடித்துவிடும் போலிருந்தது.

தன்ஷிகா படத்தை விட்டு அப்பனைப் பார்த்தாள்.

"நைனா, தண்ணி துப்பு!"

மகள் முதன்முதலாகக் கோத்த சொற்கள். இன்னொன்று சொல்லட்டுமென்று துரை துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை.