தகடு மட்டும் கடலில்

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே மைதிலியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கணினி முன்னால் உட்காருவாள், ஒரு வாக்கியத்தைப் படிப்பாள், எழுந்து பால்கனிக்குப் போய்த் திருவேற்காட்டுக் கோயிலுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஆட்டோக்களைப் பார்ப்பாள். திரும்பி வந்து அதே வாக்கியத்தைப் படிப்பாள்.

"விசைப்படகுகளின் இன்ஜின் திறன் மூன்றாண்டுகளாக உயரவில்லை என்பது நேரடி ஆய்வில் உறுதி செய்யப்பட்டது."

எழுதியவள் அவளேதான். மீன்வளத் துறையில் புள்ளியியல் அதிகாரி. கடலிலுள்ள மீன் தாங்குகிற அளவில்தான் படகுகளை வைத்திருக்கிறீர்களா என்று சட்டமன்றக் குழு கேட்டிருந்தது. பதில் மதியத்துக்குள் போயாக வேண்டும். மேலதிகாரி பரந்தாமன் விடிந்ததும் விடியாததுமாகப் போன் செய்து, "அறிக்கை நல்லபடியாப் போனா உங்க ப்ரமோஷனும் நல்லபடியா வரும்" என்று வேறு சொல்லிவிட்டார். ஆசை காட்டினாரா, மிரட்டினாரா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அவருக்கு.

அவளுக்கு எங்கேயோ உதைத்தது. படகுகள் குறைந்திருக்கின்றன, இன்ஜின் திறனும் ஏறவில்லை. அப்புறம் ஏன் வலையில் விழும் மீன் மட்டும் வருஷா வருஷம் பொடிசாகிக்கொண்டே போகிறது?

யோசிக்கவும் விடவில்லை, கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. குடியிருப்புச் சங்கத்துக்கு அதை மலிவாக வாங்கிப் போட்ட மகாராஜன் அவள் கணவன் கார்த்திகேசன். இன்று மெக்கானிக் வருகிற நேரம் பார்த்து, "இன்ஜின் தகட்டுல இருக்கற நம்பர், பவர் விவரத்தைப் போட்டோ எடுத்து வை, லைசென்ஸுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குக் காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டான். வேலையைத் தலையில் கட்டுவதில் மன்னன். எரிச்சலோடுதான் இறங்கிப் போனாள்.

அங்கே மெக்கானிக் வேம்புலி கையெல்லாம் கிரீசாக உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பழைய இன்ஜின் வாங்கி விற்கிறவர். இதை விற்றவரும் அவரே.

"இதுல தகடு எங்கங்க?"

"தகடா? அது இதுல கெடையாது மேடம். லாஞ்சோட பூட்ச்சி."

"எந்த லாஞ்ச்?"

"இது மீன்புடிக்கிற போட்டு இன்ஜின் மேடம். ஓனரு இத்தக் கய்ட்டிட்டு, இத்த மாரி ரெண்டு பங்கு பவரு கீற இன்ஜினா போட்டுக்கினாரு. பழைய தகட்ட மட்டும் பேத்துப் புதுசுல அட்ச்சிட்டாங்க. நெறைய பேரு அப்டித்தான் பண்றாங்கோ."

"எதுக்கு?"

"மீன்புடித் தடை டைம்ல ஆபீசருங்க செக்கிங் வர்வாங்கல்ல? அவங்க இன்னா, இன்ஜினயா அளக்கப் போறாங்க? தகட்டப் பாப்பாங்க, எளநியக் குடிப்பாங்க, போய்க்கினே இருப்பாங்க." இவள் யார் என்று தெரியாமல் வேம்புலி வாய்விட்டுச் சிரித்தார்.

மைதிலிக்கு முகம் சுட்டது. இளநீர் குடித்தவள் அவள்தான். தடைக்காலத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். டீசல் நாற்றத்துக்குப் பயந்து அவள் மேல்தட்டிலேயே நிற்பாள். படகுக்காரர் கீழே இறங்கி டார்ச் அடித்து, தகட்டைப் போட்டோ எடுத்து நீட்டுவார். தகடு பளிச்சென்று துடைத்து, சந்தனம் குங்குமமெல்லாம் வைத்திருக்கும். எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று அவள் மெச்சியிருக்கிறாள். அந்தப் போட்டோக்களைக் கூட்டித்தான் 'நேரடி ஆய்வு' என்று எழுதினாள். அவள் கணக்குப்படி இந்த இன்ஜின் இப்போது நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதுவோ இங்கே அவள் வீட்டு லிஃப்டை இழுத்துக்கொண்டிருக்கிறது.

வேம்புலி மேல் கோபம் கோபமாக வந்தது. படியேறி வீட்டுக்குள் நுழைவதற்குள் அந்தக் கோபம் ஆள் மாறி அவள் மேலேயே திரும்பிவிட்டது.

பரந்தாமனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் அலட்டாமல் சொன்னார்: "அவ்ளோதானே? அந்த வரிய எடுத்துடுங்கம்மா. படகு எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, அது நெஜம். அத மட்டும் போடுங்க. இன்ஜினைப் பத்திப் பேச்சே வேணாம். அவங்களும் கேக்க மாட்டாங்க."

வரியை எடுத்தாள். அறிக்கை அழகாக இருந்தது. அதில் ஒரு பொய்கூட இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மறுபடி பால்கனிக்குப் போனாள், வந்தாள், தண்ணீர் குடித்தாள், ஃபேனைக் கூட்டினாள். ப்ரமோஷன் வந்தால் வீட்டுக்கடன் தவணை லேசாகும் என்று தனக்கே எடுத்துச் சொன்னாள். மனசு கேட்கிற மாதிரி இல்லை. கடைசியில் உட்கார்ந்து தட்டினாள்.

"ஆய்வில் தகடுகளின் படங்களை மட்டுமே பார்த்தோம். இன்ஜின்களின் திறனை அளக்கவில்லை. பழைய தகடுகளைப் புதிய இன்ஜின்களில் பொருத்துவதாகத் தெரிய வந்துள்ளது. ஆகவே படகுகளின் உண்மையான திறன் எவ்வளவு என்று துறைக்குத் தெரியாது. ஆய்வு செய்தவர்: மைதிலி, புள்ளியியல் அதிகாரி."

அதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தாள். குழுவுக்கு அனுப்பிவிட்டு மறுபடி பரந்தாமனைக் கூப்பிட்டு, துறைக்குத் தெரியாது என்று எழுதியதைச் சொன்னாள்.

"துறைக்குத் தெரியாதுன்னு அரசாங்க அறிக்கைல எவனாவது எழுதுவானா?" அவர் கத்தினார். "மூணு வருஷமா நீ என்ன கிழிச்சேன்னு உன்னத்தான் கேப்பாங்க!"

இத்தனை வருஷத்தில் அவர் அவளை ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

"கேக்கட்டும் சார். யாரும் கேக்கலன்னுதான் நான் கீழ எறங்கிப் பாக்கல."

 அடுத்து அவர் பேசிய குரலில் அதிகாரமே இல்லை.

"மைதிலி... நீங்க எழுதுன அத்தனைலயும் நான் மேலொப்பம் போட்டிருக்கேம்மா. நானும் பாக்கல."

"அதையும் எழுதியிருக்கேன் சார்," என்றாள் அவள்.