மோரி எழுதிய வீடு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எடிசன் நகரில், ஓக் ட்ரீ ரோட்டுக் கடையொன்றில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே வான்மதி சொன்னது. நடுவில் அவள் ஒரு சொல்லுக்குத் தடுமாறினாள். நான் எடுத்துக்கொடுத்தேன்.

"அக்கா, நீங்க முடிக்காதீங்க. இதுக்காகத்தான் தினமும் எல்லார்கூடவும் சண்டை போடறேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுத்தந்த முறை: இடமும் பெயரும் மேலே, விஷயம் கீழே. அப்படியே செய்கிறேன். இடம்: வெஸ்ட் வின்ட்சர் பக்கம், பக்கவாதம் வந்தவர்களைத் தேற்றி அனுப்பும் ஒரு மையம். வான்மதி அங்கே ஸ்பீச் தெரபிஸ்ட். மோரி அவளுடைய நோயாளி. ஜப்பானிலிருந்து வந்து, இங்கேயே நரைத்து, மனைவியையும் இழந்தவர். வலது கை போனபோது கூடவே பேச்சும் போயிற்று. இங்கிலீஷ், ஜப்பானியம் இரண்டும்.

2

முதல் தொடக்கம்: "மோரியின் குரல் போன அன்று வெளியே பனி" — அடித்துவிட்டேன். கதைகளில் எப்போது பார்த்தாலும் பனிதான்.

இரண்டாவது: மோரி சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் இடதுகை விரலால் ஏதோ கிறுக்கினார். கைநடுக்கம் என்றார்கள். பக்கத்து அறையில் கணவரைப் பார்க்க வரும் சீனப் பெண்மணி, லியு ஆன்ட்டி, எட்டிப் பார்த்தார். "மீன் வேண்டாமாம்" என்றார்.

காதுக்குச் சீனமும் ஜப்பானியமும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணுக்குத்தான் சொந்தம். எழுத்துகள் சீனத்திலிருந்து ஜப்பானுக்குக் குடிபோனவை. போன இடத்தில் சிலவற்றுக்குக் குணம் மாறிவிட்டது.*

* ஜப்பானியர் கடிதம் என்று எழுதுவதைச் சீனர் கழிவறைத் தாள் என்று படிப்பார்கள். இணையத்தில் ஊரே சிரித்து முடித்த வேடிக்கை. அதை வைத்து ஒரு காட்சி எழுதினேன். மோரி சிரிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

3

ஒருநாள் அவர் 娘 என்று எழுதினார். "அம்மாவைக் கேட்கிறார்" என்று லியு ஆன்ட்டி கண்கலங்கினார். புத்தி பிசகிவிட்டது என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். வான்மதி ஜப்பானிய அகராதியைப் பார்த்தாள்: அங்கே அது மகள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டாள். எந்தச் சொல் வந்தாலும் படம் காட்டித் திருப்பிக் கேட்பாள். மோரி தலையசைத்தால்தான் அது சொல்.

(ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் திரையில் வரவழைத்தார்கள். மோரி அவருக்கு எழுதிக்காட்டவே இல்லை. லியு ஆன்ட்டிக்கு மட்டும்தான். ஏனென்று வான்மதிக்குத் தெரியாது. நானும் காரணம் புனையப்போவதில்லை.)

4

மகள் எமி இருப்பது டெக்சாஸில், காப்பெலில். அப்பாவின் ஜப்பானியப் பேச்சைப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லி வளர்ந்தவள். அவர் எழுத்தைப் படிக்கத் தெரியாது. (நம் வீடுகளில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) முதல் வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரியாக்கிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அப்பாவுக்கென்று கீழ்த்தளத்து அறையை ஒழித்து, குளியலறையில் பிடிகம்பி அடித்துவிட்டு வந்தவள் அவள். இங்குள்ள அவருடைய வீட்டை விற்கவும் ஆள் பேசியிருந்தாள்.

அவர் எங்கே போவது என்று முடிவெடுக்கக் கூடினார்கள். மோரி மேசைமேல் எழுதினார்: 家.

"வீடு" என்றார் லியு ஆன்ட்டி. அகராதியும் அதையே சொன்னது. இரண்டு மொழியிலும் ஒரே பொருள். எமி அழுதுகொண்டே, நம்ம வீட்டுக்குத்தான் போகப்போகிறோம் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டிஸ்சார்ஜ் வேலைகளைப் பார்க்கும் ஜெயபிரகாஷ் பேனாவை எடுத்தார்.

வான்மதி தாழ்ந்த குரலில், தமிழில் கேட்டாள். "எந்த வீடு, ஜேபி?"

"அதான் க்ளியரா எழுதிட்டாரே. பொண்ணு இருக்கிற இடம்தானே வீடு. உங்கப்பாவைக் கோவில்பட்டில தனியா விட்டுடுவீங்களா?"

"எங்கப்பா வரமாட்டேன்னு வாயால சொல்வார். நானும் திட்டிட்டு விட்டுடுவேன். இவரால சொல்ல முடியாது."

"மேல மேல தோண்டாதீங்க வான்மதி. அந்தப் பொண்ணைப் பாருங்க."

"பாத்துட்டுதான் கேக்கறேன். அவர் பாதி சொன்னதை நாம முடிக்க வேண்டாம்."

குணம் மாறிய சொற்கள் அவளை ஏமாற்றவில்லை, சந்தேகப்பட்டுக் கேட்டுவிடுவாள். எல்லோருக்கும் புரிந்துபோன சொல்லைத்தான் யாரும் கேட்காமல் விடுகிறார்கள். அவள் மோரியின் முன்னால் இரண்டு படங்களை வைத்தாள். இந்த ஊர் வீடு. காப்பெல் வீடு.

5

முடிவு அ: மோரி காப்பெல் படத்தைத் தொடுகிறார். எமி அவர் தோளில் —

முடிவு ஆ: இந்த ஊர் வீட்டைத் தொடுகிறார். ஜெயபிரகாஷ் பேனாவை மூடி —

இரண்டும் என் வாக்கியங்கள். அவருக்காக முடித்துவைக்கிறவர்களின் வரிசையில் நானும் போய் நின்றிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

இவ்வளவுதான் எழுதுவேன்: மோரி இரண்டு படங்களையும் ஒதுக்கினார். வெறும் மேசையில் விரலை வைத்தார். எமி வாயைத் திறந்தாள். வான்மதி உள்ளங்கையை உயர்த்தினாள். முதல் கோடு விழுந்தது. அது எங்கே போகிறதென்று லியு ஆன்ட்டிக்குத் தெரிந்திருக்கலாம். உதட்டை மடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அங்கே இன்னொரு நாற்காலி இருக்கிறது. உட்காருங்கள். எடுத்துக்கொடுக்காதீர்கள்.