கங்கில் பழுத்த குண்டு

பூவரசனைத் தோற்கடித்தது வீரன் இல்லை, நெருப்புக் கங்குதான். இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு வருஷமும் ஒரு செருப்பும் செலவாயின.

ஜவ்வாது மலையில் அந்த ஊருக்கு மட்டும் ஒரு கிறுக்குப் பழக்கம். பெண் கேட்டு வருகிறவன் காணும் பொங்கல் அன்று பெண்ணின் தாய்மாமனோடு குண்டு போட வேண்டும். கோயில் முன்னால் ஒரு தண்டவாளத் துண்டைப் பதித்திருக்கிறார்கள். லாரி பேரிங்கிலிருந்து கழற்றிய இரும்புக் குண்டை நெஞ்சு உயரத்திலிருந்து அதன்மேல் விட வேண்டும். எந்தக் குண்டு அதிகம் எகிறுகிறதோ அதுதான் ஜெயித்தது. பூவரசன் கேட்ட பெண் கவியா. அவளுடைய தாய்மாமன் வீரனிடம் அவன் இரண்டு பொங்கல் தோற்றாயிற்று. மூன்றாவதும் தோற்றால் கவியாவை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாக வீரன் ஊர் நடுவில் அறிவித்துவிட்டார். கவியாவுக்குப் பூவரசனைத் தவிர வேறு யாரும் வேண்டாம். அதை யார் கேட்டார்கள்?

தை மாசக் குளிரில் மேளத்தோலை நெருப்பில் காட்டினால்தான் அது கணீரென்று பேசும். மேளத்துக்குப் பொருந்துவது குண்டுக்கும் பொருந்தும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, ஊரே குண்டையும் அந்த நெருப்பில் காய்ச்சும். பூவரசன் ஆசை மிகுதியில் இரண்டு வருஷமும் கங்குக்குள் புதைத்துப் பழுக்கவே வைத்தான்.

சந்தவாசலில் அவனுக்கு டூவீலர் மெக்கானிக் கடை. மார்கழியில் ஒரு நாள் கேஸ் வெல்டிங் வைக்கும்போது, நெருப்பு பட்டுப் பழுத்த ஒரு பேரிங் குண்டு பட்டறைக்கல்லில் விழுந்தது. எகிறவே இல்லை. களி உருண்டை மாதிரி உட்கார்ந்து, அப்புறம் சாவகாசமாக உருண்டு கீழே வந்து அவன் செருப்பைப் பொசுக்கியது. சூடே படாத குண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். அது துள்ளிக்கொண்டு கையருகே திரும்பி வந்தது. பத்துத் தடவை போட்டும் அதே கதைதான். அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

இந்த வருஷம் புதுக் குண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனான். கவியாவின் அம்மா மாணிக்கம்மாளிடம் அதைக் கொடுத்து, "பத்திரமா வெச்சிருங்க அத்த, கைகால் கழுவிட்டு வர்றேன்" என்றான். விஷயத்தை அவளிடம் சொல்லாமல் போனதுதான் அவன் செய்த தப்பு.

திரும்பி வந்தபோது மாணிக்கம்மாள் இடுக்கியோடு நெருப்பருகே நின்றிருந்தாள். "ஐஸ் மாதிரி இருந்திச்சு மாப்ள. நல்லா அடியில பொதச்சு வெச்சேன். மாமாவோடத விட ஒன்னுதுதான் செவந்திருக்கு."

பூவரசனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து, இடுக்கியை வாங்கிக்கொண்டு தண்டவாளத்துக்கு நடந்தான்.

வீரன் குண்டு முழங்காலைத் தாண்டி எகிறியது. இடுக்கியிலிருந்து விழுந்த பூவரசனின் குண்டு தண்டவாளத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. ஊர் சிரித்தது.

"பழுக்கச் சூடு பட்டா இரும்பு எகிறாது மாமா. அதாங்க காரணம்" என்றான் பூவரசன்.

"இன்னாடா கத வுடற? மூணு தபா ஆச்சு. வூட்டுக்குப் போய்ட்டு வேற வேலையப் பாரு."

அப்போது கவியா முன்னால் வந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரலில் மட்டும் தேன். "மாமா, நெருப்போட ஓரத்துல சும்மா வெச்சதுக்கே ஒன் குண்டு முழங்காலுக்கு மேல போவுது. கங்குல பொதச்சா எங்க போவும்?"

வீரன் மீசையைத் தடவினார். "கூரைக்குப் போவும்."

"போவலன்னா?"

"போவலன்னா இன்னா, இவனையே கட்டிக்க. ஊர் சாட்சி."

கவியா தன் கையாலேயே மாமன் குண்டைக் கங்கில் புதைத்து, மேலே ரெண்டு விறகும் அடுக்கி, விசிறினாள். ரத்தமாகச் சிவந்ததை வீரன் இடுக்கியில் எடுத்து, கூட்டத்தை நாலு அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கம்பீரமாக விட்டார்.

தொப்.

யாரும் சிரிக்கவில்லை, வீரனுக்குக் கோபம் வந்தால் தாங்காது. அவர் குனிந்து குண்டைப் பார்த்தார். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை.

"சரி, தேதி பாருங்க" என்றவர், பாவம்போலக் கேட்டார்: "அப்போ இத்தினி வருசமா நான் எப்பிடி ஜெயிச்சேன்?"

"நீ சோம்பேறி மாமா" என்றாள் கவியா. "எதையும் அரைகொறையாத்தான் செய்வ. குண்டையும் அப்பிடித்தான் சுட்ட."