சிறுத்தை கரையேறும் இடம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போயிருந்தேன். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்ற புகைப்படக்காரி, அடுத்த மூச்சிலேயே, "ஒரு சிறுத்தை என்னைப் பார்த்து நீந்தி வந்துச்சு, தெரியுமா?" என்றாள். படத்தில் என் வாய் பிளந்தே இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'பனி விலகிய பள்ளத்தாக்கில் பொன்னிறக் கதிர்கள் மெல்ல...'

வேண்டாம். காலண்டர் வாடை அடிக்கிறது.

இரண்டாவது: வருஷக்கணக்காக நீலத்திரைக்கு முன்னால் மனிதர்களை ஆடாமல் அசையாமல் உட்காரவைத்தே படமெடுத்தவளுக்கு, ஓடுகிற பறக்கிற எதையாவது எடுத்தே தீர வேண்டுமென்று வெறி வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு, தேசியப் பூங்காவின் உட்காட்டில் கூடாரம் போடக் கிளம்பினாள்.

இது தேவலாம்.

3

நாத்தனார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சாதாரணமாகப் பேசினாலே கடைசி இருக்கைவரை கேட்கும். "அண்ணி, அங்க பாருங்க மான்!" என்பாள், திரும்பினால் புல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

(இவளைக் கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். காடு, காமிரா, தன்னந்தனியாக ஒரு பெண்; எடுப்பாகத்தான் இருக்கும். நல்லவேளை, தூக்கவில்லை.)

4

மூன்றாம் நாள் விடியல். மலையில் எங்கோ மழை, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. துணைக்கு வந்த வனக்காவலர் கூடாரத்தை மேட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். புகைப்படக்காரி கரைப்பாறையில் காமிரா முக்காலியை நிறுத்தி, சிவக்கும் மலையை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாத்தனார்.

ஆற்றின் நடுத்திட்டில் நாணல் அசைந்தது. சிறுத்தை! காலடியில் மூன்று குட்டிகள். தண்ணீர் திட்டைக் கரைத்துக்கொண்டே வந்தது.

தாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு குதித்தது. நேராக இந்தப் பாறையை நோக்கி!

"வா தாயி, வா, வா..." விரல் பொத்தானை விடவில்லை. கண்ணாடிவில்லை நிறைய இரண்டு மஞ்சள் கண்கள்.

கரைக்கு அருகே வந்த சிறுத்தை சட்டென்று திரும்பியது. வெள்ளம் இழுத்தது. மறுபடி எதிர்த்து நீந்தி வந்தது, மறுபடி திரும்பியது.

"ஏன் ஏற மாட்டேங்குது?"

இருபுறமும் செங்குத்துக் கரை. நாத்தனார் வாழ்க்கையில் முதல்முறையாகக் கிசுகிசுத்தாள்: "அண்ணி, நாம அதோட வாசல்ல நிக்கிறோம்."

"ஒண்ணே ஒண்ணுடி! ஜென்மத்துக்கும் இப்படிக் கிடைக்காது!"

"குட்டி தலை தண்ணிக்குள்ள போவுது, அண்ணி."

"ஓடாதீங்க," மேட்டிலிருந்து வனக்காவலரின் அடங்கிய குரல். "அதைப் பார்த்தபடியே பின்னால வாங்க."

5

இங்கேதான் நான் புளுகப் பார்த்தேன். 'காமிராவைத் தானாக ஓடவிட்டு விலகினாள். உலகமே வியந்த அந்தப் படம்...' என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

"பொய்," என்றாள் பட்டென்று. "காமிராவக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பின்னாலயே நடந்தேன். முக்காலி ஆத்தோட போச்சு. எடுத்ததெல்லாம் ஒரே கலங்கல். எனக்குக் கை அப்படி நடுங்கிருக்கு!"

சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தாள்.

6

சிறுத்தை பாறையில் ஏறியது. உடம்பை உதறிவிட்டுக் குட்டியைக் கீழே போட்டது. குட்டி தும்மியது! மேட்டில் இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டார்கள், கூவிவிடாமல். தாய் திரும்பிப் போய்க் கவ்விவர, இரண்டாவது குட்டியும் வந்து சேர்ந்தது. திட்டு இப்போது பாயளவுகூட இல்லை. தாய் ஒரு கணம் நின்று மூச்சுவாங்கியது. குதித்தது.

7

அப்புறம் என்ன ஆயிற்று என்று அவள் எனக்குச் சொன்னாள். எழுதினேன், அடித்துவிட்டேன். எழுதினால் நீங்கள் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு நீங்கள் பாறையில் வேண்டும்.

இதோ, மூன்றாவது குட்டியோடு வந்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் பிரமாதம். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. காமிரா உங்களிடம்தான் இருக்கிறது.

அதைப் பார்த்தபடியே பின்னால் வருகிறீர்களா?